கல்லூரி ஓவியக் கண்காட்சி: பொங்கல் முடிந்த வாரத்திலிருந்து கடைசி ஆணி வரை

வேலூர்ப் பக்கத்துக் கல்லூரிகளில் ஓவியமோ காட்சித் தொடர்பியலோ படிக்கும் மாணவர்கள் ஆண்டிறுதிக் கண்காட்சியைப் பற்றிப் பேசத் தொடங்குவது பெரும்பாலும் மார்ச் மாதத்தில்தான். அதற்குள் அரங்கை வேறொரு துறை தன் விழாவுக்கு எழுதி வாங்கியிருக்கும். சட்டம் போடும் கடைக்காரர் கல்யாணப் படங்களில் மூழ்கியிருப்பார். பாதி ஓவியங்களில் தைலவண்ணம் காய்ந்திருக்காது. கடைசி இரவு எல்லோரும் கண்விழித்து, கையில் கிடைத்ததையெல்லாம் சுவரில் ஒட்டி, மறுநாள் காலை சிறப்பு விருந்தினர் வரும்போது தூக்கக் கலக்கத்தில் நிற்பார்கள். பல ஆண்டுகள் அப்படி நின்றவர்களுக்குள் நானும் ஒருவன் என்பதால், அதைத் தவிர்ப்பதற்கான வழியை இங்கே எழுதுகிறேன். வேலை தொடங்க வேண்டியது பொங்கல் விடுமுறை முடிந்து திரும்பும் வாரத்தில். அந்த வாரத்தில் செய்ய வேண்டியது வரைவது மட்டும் அன்று. எதைக் காட்டாமல் விடப்போகிறோம் என்று முடிவெடுக்கத் தொடங்குவதும்தான்.

நாளும் இடமும்

நாள் குறிப்பதற்கு முன் மூன்று நாட்காட்டிகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது பல்கலைக்கழகத் தேர்வு அட்டவணை. இரண்டாவது பண்டிகை நாட்காட்டி: ரமலான் மாதம் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முன்னால் நகர்கிறது, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கங்களிலிருந்து வரும் மாணவர்களின் குடும்பங்கள் நோன்பு வைத்திருக்கும் நாட்களில் மாலை நான்கு மணிக்குத் திறப்பு விழா வைத்துச் சிற்றுண்டி நீட்டுவது சங்கடமானது. தெலுங்கு வருடப் பிறப்பு, பங்குனி உத்திரம், புனித வெள்ளி ஆகியவையும் இதே பருவத்தில் வருகின்றன. மூன்றாவது பிளஸ் டூ பொதுத்தேர்வு அட்டவணை: வீட்டில் தம்பியோ தங்கையோ தேர்வு எழுதும்போது பெற்றோர் கிளம்பி வரமாட்டார்கள். வெள்ளிக்கிழமை மாலை திறந்து ஞாயிறு வரை வைப்பது எங்களுக்கு நன்றாகவே அமைந்திருக்கிறது. குடியாத்தத்திலிருந்தும் ஆற்காட்டிலிருந்தும் வேலைநாளில் விடுப்பு எடுத்து வர முடியாத பெற்றோர் அந்த இரண்டு விடுமுறை நாட்களில் பேருந்து ஏறி வந்துவிடுகிறார்கள்.

வெயிலும் ஒரு கணக்கு. கத்திரி வெயில் மே 4 வாக்கில்தான் தொடங்குகிறது என்று பஞ்சாங்கம் சொன்னாலும், வேலூரில் பங்குனியிலேயே மதியம் வெளியே நடமாட முடியாது. ஆகவே பார்வை நேரத்தைக் காலை 9 முதல் 12 வரையும் மாலை 3 முதல் 7 வரையும் பிரித்து வைத்தால், மாணவர்களுக்கும் உணவு உண்ண நேரம் கிடைக்கும்.

ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் ‘கோட்டையில் வைத்தால் என்ன?’ என்று கேட்பார். வேலூர்க் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம்; அங்கே எதை நிறுத்தவும் முறையான அனுமதி வேண்டும்; சில வாரங்களில் முடிகிற காரியம் அன்று. கோட்டையைக் கண்காட்சிக்கான இடமாகப் பார்ப்பதைவிடப் பாடமாகப் பார்ப்பது நல்லது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். இடம் என்றால் உங்கள் கல்லூரி அரங்கு, நூலகத்தின் மேல்தளம், இரண்டு பெரிய வகுப்பறைகள், நீண்ட தாழ்வாரம் ஆகியவற்றுள் ஒன்றாக இருக்கட்டும். முதல்வரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்கும்போது, கண்காட்சி நாட்களோடு மாட்டுவதற்கு முன்னால் மூன்று நாளும் கழற்றுவதற்குப் பின்னால் ஒரு நாளும் சேர்த்தே கேளுங்கள். சுவரில் துளை போடலாமா என்பதையும் அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

எதை விடுவது

ஆண்டு முழுக்க வரைந்ததில் எது பிடிக்கிறது என்று கேட்டால் மாணவர் பத்துப் படங்களை எடுத்து வைப்பார். அவற்றுள் நான்கு, வகுப்பில் எல்லோரும் வரைந்த அதே பானையும் துணியுமாக இருக்கும். இரண்டு, கைப்பேசியில் பார்த்த யாரோ ஒருவருடைய பாணியில் இருக்கும். மிச்சம் இருப்பவற்றில்தான் அந்த மாணவர் இருக்கிறார். ஆளுக்கு ஆறு படைப்புகளைக் கொடுக்கச் சொல்லி, அவற்றிலிருந்து இரண்டோ மூன்றோ தேர்வு செய்வது என்று தொடக்கத்திலேயே விதி வகுத்துவிடுவது மனவருத்தத்தைக் குறைக்கும். தேர்வுக் குழுவில் துறை ஆசிரியர் ஒருவர், இறுதியாண்டு மாணவர் ஒருவர், துறைக்குத் தொடர்பில்லாத ஒருவர் என மூவர் போதும். தாவரவியல் ஆசிரியரோ நூலகரோ மூன்றாமவராக இருக்கலாம். மாணவர் எதைச் சொல்ல நினைத்தார் என்பது நமக்கு முன்பே தெரியும். படம் அதைச் சொல்கிறதா என்பதை அது தெரியாத கண்ணால்தான் சரியாகக் காண முடியும்.

வாக்குவாதம் முற்றினால் கணக்கைக் காட்டுங்கள். அரங்கு 40 அடி நீளமும் 30 அடி அகலமும் என்று வைத்துக்கொள்வோம். நான்கு சுவரும் சேர்ந்து 140 அடி. கதவு, சன்னல், கரும்பலகை, மின்பலகை ஆகியவற்றுக்கு 45 அடி போனால் மிஞ்சுவது 95 அடி. எட்டுக்கு நான்கு ஒட்டுப்பலகைத் தட்டிகள் எட்டை நிறுத்தி இரு பக்கமும் பயன்படுத்தினால் இன்னும் 64 அடி கிடைக்கும். மொத்தம் 159 அடி; மாணவர் 22 பேர் என்றால் ஆளுக்கு 7 அடி. அடுத்தவருடைய படத்திலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி நிற்க வேண்டும் என்பதால், உண்மையில் கையில் இருப்பது ஐந்தரை அடி. இரண்டடி அகலப் படம் இரண்டு, நடுவில் அரை அடி இடைவெளி; அவ்வளவுதான், மூன்றாவதுக்கு இடம் இல்லை. ஆசிரியர் சொன்னால் கோபித்துக்கொள்கிற மாணவர், அளவுநாடா சொல்வதை ஏற்றுக்கொள்கிறார்.

தேர்வாகாத படங்கள் வீணாக வேண்டியதில்லை. ஒவ்வொருவருடைய வரைவுக் குறிப்பேட்டையும் ஒரு மேசையில் அடுக்கி, பார்வையாளர் புரட்டிப் பார்க்கும்படி விடுங்கள். சட்டமிட்ட ஓவியத்தின் முன் அரை நிமிடம் நிற்கிறவர்கள், பேருந்து நிலையத்தில் தூங்கும் மனிதர்களையும் விடுதிச் சமையலறையையும் கிறுக்கிய குறிப்பேட்டின் முன் கால் மணி நேரம் உட்கார்ந்துவிடுவதை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். மேசையருகே இரண்டு நாற்காலிகள் அவசியம்.

அரங்கைக் காகிதத்தில் போடுதல்

மாட்டத் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு காலை வேளையில் மாணவர்களைக் கோட்டைக்குள் உள்ள ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு அழைத்துச் செல்லுங்கள். ‘தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்’ என்று வேலூரைக் கேலி பேசிய காலம் போய், 1981 முதல் மீண்டும் வழிபாடு நடக்கும் கோயில் அது. அதன் கல்யாண மண்டபத்தில் யாளிகளும் குதிரை வீரர்களும் பாயும் தூண்களைப் பார்க்க எல்லோரும் போகிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. வெளிவரிசைத் தூண்களில் பெரிய உருவங்கள் தூரத்திலிருந்தே கண்ணை இழுக்கின்றன. அருகில் போன பிறகுதான் தூணின் சதுரப் பரப்புகளில் இருக்கும் சின்னஞ்சிறு உருவங்கள் தெரிகின்றன. தூணுக்கும் தூணுக்கும் நடுவில் விட்ட வெற்றிடம்தான் ஒவ்வொரு தூணையும் தனியாகக் காட்டுகிறது. வெளிச்சம் வெளியிலிருந்து உள்ளே போகப்போகக் குறைவதால் நம் நடையும் தானாக மெதுவாகிறது. தூரத்துக்கு ஒன்று, அருகாமைக்கு ஒன்று, நடுவில் ஓய்வு என்ற இந்த ஒழுங்கை உங்கள் அரங்கிலும் கொண்டுவர முடியும்.

கோட்டைக்குள்ளேயே அரசு அருங்காட்சியகமும் இருக்கிறது. அங்கே மாணவர்களிடம் பொருள்களைவிடப் பெயர்ச்சீட்டுகளைக் கவனிக்கச் சொல்லுங்கள்: எந்த உயரத்தில் இருக்கிறது, எழுத்து எத்தனை அடி தூரத்திலிருந்து படிக்க முடிகிறது, நம் நிழலே அதன் மீது விழுகிறதா என்று.

திரும்பி வந்ததும் அரங்கை அளந்து, அரை அங்குலம் ஓர் அடி என்ற விகிதத்தில் தெர்மாகோல் அட்டையில் மாதிரி செய்யுங்கள். 40க்கு 30 அடி அரங்கு 20க்கு 15 அங்குலத்தில் அடங்கிவிடும். ஒவ்வொரு படைப்பின் புகைப்படத்தையும் அதே விகிதத்தில் அச்சிட்டு வெட்டி, குண்டூசியால் மாதிரிச் சுவர்களில் குத்தி மாற்றி மாற்றிப் பாருங்கள். ஆறடிக் கித்தானைச் சுவரில் நான்கு முறை ஏற்றி இறக்குவதைவிட, மூன்றங்குல அட்டையை நாற்பது முறை மாற்றுவது எளிது. முழுச் சிவப்பில் ஒரு பெரிய அக்ரிலிக் ஓவியமும் அதன் பக்கத்தில் மெல்லிய பென்சில் கோட்டோவியமும் வந்தால் இரண்டாவது கண்ணுக்கே தெரியாமல் போவது மாதிரியிலேயே விளங்கிவிடும்.

வரிசை எண்படியோ மதிப்பெண்படியோ மாட்டாதீர்கள். ஊடகவாரியாகப் பிரித்து, தைலம் ஒரு பக்கம், நீர்வண்ணம் ஒரு பக்கம், புகைப்படம் ஒரு பக்கம் என்று வைப்பதும் கடையில் சரக்கு அடுக்கியதைப் போலாகிவிடும். பாலாற்று மணலைப் பற்றி ஒருவர் எடுத்த புகைப்படமும் ஆற்றங்கரைக் கிணற்றை இன்னொருவர் செதுக்கிய மர அச்சும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பார்ப்பவர் மனத்தில் தானாக ஓர் உரையாடல் நடக்கும். வாசலுக்கு நேர் எதிரே உள்ள சுவரில் தூரத்திலிருந்து தெரியும் பெரிய படைப்பு வரட்டும். எங்கள் அரங்கில் நுழைகிறவர்களில் பலர், கோயிலில் வலம் வரும் பழக்கத்தினாலோ என்னவோ, இடப்பக்கம் திரும்பி வலஞ்சுழியாகவே சுற்றுகிறார்கள். நாங்களும் அதையே வழியாகக் கொண்டு தட்டிகளை நிறுத்துகிறோம். தட்டிகளுக்கு நடுவில் ஐந்தடி வழியாவது விட வேண்டும். சக்கர நாற்காலி திரும்புவதற்கும், ஒருவர் பின்னால் தள்ளி நின்று பார்க்கும்போது இன்னொருவர் கடந்து போவதற்கும் அது தேவை.

தட்டிகளைத் தனித்தனியாக நேராக நிறுத்தினால் கூட்டத்தில் ஒரு தோள் பட்டாலே சாய்ந்துவிடும். இரண்டு அல்லது மூன்றைக் கீல் வைத்து மடிப்பாக இணைத்தால் தாமே நிற்கும். ஒட்டுப்பலகையின் நிறம் ஓவியத்தோடு போட்டியிடாமல் இருக்கக் காடாத் துணியை இழுத்துக் கட்டிப் பின்பக்கம் ஸ்டேப்லர் அடித்துவிடுங்கள்; வெள்ளைப் பூச்சை விடக் காடாவின் மங்கல் நிறம் கண்ணுக்கு இதமாக இருக்கிறது, அடுத்த ஆண்டுக்கும் துவைத்துப் பயன்படுகிறது. பந்தல்காரரிடம் கிடைக்கும் பளபளப்பான சாட்டின் துணி வேண்டவே வேண்டாம்.

சட்டம், தாள், தைலம்

தைலவண்ணம் மெல்லிய பூச்சாக இருந்தால் சில நாள் முதல் இரண்டு வாரத்துக்குள் தொட்டால் ஒட்டாத அளவுக்கு உலரும். கத்தியால் அப்பிய தடித்த பூச்சு மாதக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். ஆகவே தைலத்தில் வேலை செய்பவர்கள் பிப்ரவரி முடிவதற்குள் தூரிகையை வைத்துவிட வேண்டும். முழுதாக உலர ஆறு மாதமாவது ஆகும் என்பதால் கண்காட்சிக்காக அவசரமாக வார்னிஷ் அடிப்பது தவறு. தைலவண்ணத்தில் சேரும் ஆளிவிதை எண்ணெயைத் துடைத்த கந்தல்களைக் குவியலாகப் போட்டு வைக்காதீர்கள்: எண்ணெய் உலரும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது, குவியலின் உள்ளே அது சேர்ந்து தானாகவே தீப்பற்றக்கூடும். நம் ஊர் வெயிலில் மூடிய அறைக்குள் இது வெறும் எச்சரிக்கை அன்று. கந்தல்களை விரித்துத் திறந்தவெளியில் காயவிடுங்கள் அல்லது தண்ணீர் ஊற்றிய மூடித் தகரத்தில் போடுங்கள்.

அக்ரிலிக் விரைவில் உலர்ந்தாலும் சூட்டில் இளகும். இரண்டு கித்தான்களை முகத்தோடு முகம் வைத்து ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்த ஒரு மாணவி, பிரிக்கும்போது ஒன்றின் வானம் மற்றொன்றின் வயலில் ஒட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்து அழுதே விட்டார். குமிழி உறையை நேரடியாகச் சுற்றினால் குமிழிகளின் வட்டத் தடம் வண்ணத்தில் பதியும். முதலில் பட்டர் பேப்பர், அதன் மேல் அட்டை, கடைசியில்தான் குமிழி உறை. பெரிய படங்களுக்குக் குட்டியானை வண்டி ஒன்றைப் பகிர்ந்து அமர்த்திக்கொள்ளுங்கள். கித்தான்களைப் படுக்க வைக்காமல் நிற்க வைத்து, கயிறு படத்தின் முகத்தில் படாமல் விளிம்புச் சட்டத்தில் மட்டும் படும்படி கட்டுங்கள்.

கரி, பேஸ்டல் ஓவியங்களுக்கு எடை குறைவு என்பதற்காக அக்ரிலிக் தகட்டைப் போடச் சொல்லாதீர்கள். அந்தத் தகட்டில் நிலைமின்சாரம் தேங்கி, தாளிலிருந்து கரித்தூளைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும். கண்ணாடிதான் சரி, அதுவும் தாளைத் தொடாமல் நடுவில் மவுண்ட் அட்டை இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் சட்டம் போட்டுப் பணத்தைக் கரைக்க வேண்டிய தேவை இல்லை. நல்ல அச்சுத்தாளைக் காந்தத்தாலோ மெல்லிய ஆணியாலோ நேரடியாகப் பொருத்துவது அழகாகவே இருக்கும். ஆனால் மேலே மின்விசிறி சுழல்வதை மறந்துவிடாதீர்கள். மார்ச் மாத வேலூரில் விசிறியை நிறுத்த யாரும் சம்மதிக்க மாட்டார்கள். நான்கு மூலையும் பிடிக்கப்படாத தாள் மூன்று நாளும் படபடத்துக்கொண்டே இருந்து நான்காம் நாள் கிழிந்திருக்கும்.

புகைப்படங்களை 12க்கு 18 அங்குலத்தில் அச்சிட வேண்டுமானால், அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் கோப்பு 3600க்கு 5400 பிக்சல் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிப்போகும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது பென் டிரைவில் நேரில் வாங்குங்கள்.

இந்த வட்டாரத்துப் பொருள்களில் வேலை செய்வோருக்கு இரண்டு சொல். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் கிடைக்கும் தோல் துண்டுகள், பொருள்களை இடத்தில் அமைத்துக் காட்டும் நிறுவல் கலைக்கு அருமையான பொருள். ஆனால் குரோமியம் கொண்டு பதப்படுத்திய தோலை எரித்து ‘விளைவு’ உண்டாக்க முயலாதீர்கள், அதில் நச்சுத்தன்மை வாய்ந்த குரோமியச் சேர்மம் உருவாகக்கூடும். குடியாத்தம் மாணவர்கள் தீக்குச்சிகளால் கோபுரம் கட்டுவதில் வல்லவர்கள். மருந்து வைக்காத வெறுங்குச்சிகளாக வாங்கிக்கொள்ளுங்கள், திறப்பு விழாவில் பக்கத்திலேயே குத்துவிளக்கு எரியும். சுடுமண் வேலை செய்கிறவர்கள் முற்றிலும் உலராத உருவத்தைச் சூளையில் வைத்தால், உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி உருவமே வெடித்துவிடும். தடித்த பகுதிகளை உள்ளே குடைந்து, ஓரிரு வாரம் நிழலில் உலரவிட்டுச் சுடுங்கள்.

மாட்டும் வேலை

இரட்டைப்பக்க ஒட்டுநாடாவை நம்பாதீர்கள். ஓர் ஆண்டு சன்போர்டு என்னும் எடை குறைந்த தடித்த அட்டையில் ஒட்டிய புகைப்படங்களை அந்த நாடாவால் சுவரில் ஏற்றி, பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனோம். காலையில் திறந்தால் முக்கால்வாசி தரையில் கிடந்தன, சுவரின் டிஸ்டெம்பர் அட்டையோடு உரிந்து வந்திருந்தது. பகல் முழுக்க வெயிலில் காய்ந்த சுவர் இரவிலும் சூடாகவே இருந்திருக்கிறது. துளை போட அனுமதி இருந்தால் 6 மில்லிமீட்டர் துளை, பிளாஸ்டிக் பிளக், திருகாணி. இல்லாவிட்டால் சுவரின் உச்சியில் ஒரே ஒரு மர ரீப்பரை உறுதியாக அடித்து, அதிலிருந்து மெல்லிய கம்பி வடத்தில் தொங்கவிடுங்கள். தூண்டில் நரம்பு கண்ணுக்குத் தெரியாது என்று பலர் அதையே கேட்பார்கள். அதன் முடிச்சு வழுக்கும், எடை ஏற ஏற இழுபடும். சிறு தாள்களுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

உயரத்தில்தான் அதிகத் தவறு நடக்கிறது. ஏணியில் நிற்பவர் தம் கண்ணுக்கு நேராகப் பார்த்து அடிப்பதால் எல்லாப் படமும் மேலே போய்விடுகிறது. படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 சென்டிமீட்டரில் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டால் பெரியவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பொதுவாக அமையும். ஆணியின் இடத்தைக் கணக்கிடும் முறை இது: 145 உடன் படத்தின் உயரத்தில் பாதியைக் கூட்டுங்கள், சட்டத்தின் பின்னால் கட்டிய கம்பியை நடுவில் விரலால் இழுத்துப் பிடிக்கும்போது அது சட்டத்தின் மேல்விளிம்புக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்து, அதைக் கழியுங்கள். 80 சென்டிமீட்டர் உயரப் படம், கம்பி 6 சென்டிமீட்டர் கீழே என்றால், 145 உடன் 40 கூட்டி 6 கழிக்க, ஆணி 179இல் வரும். இரண்டு வரிசையாகச் சிறு படங்களை மாட்டும்போது முழுத் தொகுதியையும் ஒரே படமாகக் கருதி அதன் நடுவை 145இல் வையுங்கள். ஒரே தொடரின் படங்களுக்கு நடுவே ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் போதும்.

கொத்தனார்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். சுவரின் இரு முனையிலும் 145இல் ஆணி அடித்து நூல் பிடித்துக்கொண்டு, படத்துக்குப் படம் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். பழைய கட்டடங்களில் தரையே சரிந்திருக்கும். அப்போது தரையிலிருந்து அளப்பதைவிட நூலிலிருந்து அளப்பதே சரி. படத்துக்கு ஓர் ஆணிக்குப் பதில் இரண்டு ஆணிகளைச் சற்றுத் தள்ளி அடித்துக் கம்பியை அவற்றின் மேல் விட்டால், கதவு அடிக்கும் அதிர்வில் படம் கோணாது.

வெளிச்சமும் மின்சாரமும்

அரங்கின் குழல்விளக்குகளை மட்டும் நம்பினால் எல்லாப் படமும் ஒரே சாம்பல் நிறத்தில் தெரியும். திசை மாற்றக்கூடிய எல்.இ.டி. விளக்குகளை வாடகைக்கு எடுத்து, செங்குத்துக் கோட்டிலிருந்து ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் படத்தின் மீது விழும்படி வையுங்கள். அதற்கு மேல் சாய்த்தால் பார்ப்பவர் கண்ணில் கண்ணாடி மினுங்கும், குறைத்தால் சட்டத்தின் நிழல் படத்தில் விழும். விளக்குப் பெட்டியில் சி.ஆர்.ஐ. (நிறங்களை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90 அல்லது அதற்கு மேல் என்று போட்டிருந்தால் நிறங்கள் உண்மையாகத் தெரியும். எல்லா விளக்கும் ஒரே நிற வெப்பநிலையில் (வெளிச்சம் மஞ்சளா வெள்ளையா என்பதைச் சொல்லும் எண்), 3000 முதல் 4000 கெல்வினுக்குள் இருக்கட்டும். மேற்குச் சன்னலுக்கு நேரே நீர்வண்ண ஓவியத்தை மாட்டவே கூடாது. சன்னலைக் காடாத் துணியால் மறைப்பது வெயிலையும் கண்ணாடிப் பிரதிபலிப்பையும் ஒருசேரத் தடுக்கும்.

12 வாட் விளக்கு முப்பது என்றால் 360 வாட்தான். பழைய 50 வாட் ஹாலஜன் முப்பது என்றால் 1,500 வாட், அறையும் அடுப்பாகிவிடும். 5 ஆம்பியர் பிளக்கில் 1,150 வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்பதைக் கணக்கில் வைத்து, புரொஜெக்டரையும் நிலைவிசிறிகளையும் வெவ்வேறு இணைப்புகளில் பிரியுங்கள். கல்லூரி மின்பணியாளரை முதல் நாளே அழைத்துக் காட்டுங்கள். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேசினால், எந்த பிளக் வேலை செய்யும், எது செய்யாது என்று முழு வரலாறும் தெரிந்துவிடும். பராமரிப்புக்கான மாதாந்திர மின்தடை எந்த நாள் என்பதையும் செய்தித்தாளில் பார்த்து வையுங்கள்.

பெயர்ச்சீட்டும் குறிப்பும்

சீட்டில் தலைப்பு, பெயர், ஊடகம், அளவு, ஆண்டு ஆகிய ஐந்தும் போதும். அளவில் உயரம் முதலில், அகலம் பிறகு. அச்சுப் படைப்புகளில் எத்தனையாவது பிரதி என்பதைப் படத்தின் கீழேயே பென்சிலால் 3/10 என்று எழுதுவது மரபு. படத்தின் வலப்பக்கம், எல்லாச் சீட்டும் ஒரே உயரத்தில், பாட்டியும் கண்ணாடி இல்லாமல் படிக்கும் எழுத்தில் இருக்கட்டும்.

பதாகை அச்சிடும் கடைகளில் ஒரு தொல்லை உண்டு. நாம் யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்புவதை அவர்களுடைய பழைய மென்பொருள் ஏற்காமல், கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலுமாக உடைத்துவிடும். அல்லது அவர்களே பாமினி எழுத்துருவில் மறுபடி தட்டச்சு செய்து ‘ஓவியக் கண்காட்சி’யை ‘ஓவிய கன்காட்சி’ ஆக்கிவிடுவார்கள். பி.டி.எஃப். கோப்பாக அனுப்புங்கள், அச்சுக்கு முன் திரையில் ஒரு முறை, முதல் பிரதியில் ஒரு முறை என ழகர, ளகர, ணகரங்களைத் தமிழ்த்துறை ஆசிரியர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

மாணவர் தம் படைப்பைப் பற்றி எழுதும் குறிப்புதான் எனக்கு மிகுந்த கவலை தரும் பகுதி. ‘என் படைப்பு இருத்தலின் அகப்புற வெளிகளை விசாரணைக்கு உட்படுத்துகிறது’ என்று எழுதுகிறார்கள். யாரிடமோ கேட்டு ஆங்கிலத்தில் எழுதியதை மொழிமாற்றியது அது. கேள்வி கேட்டுப் பாருங்கள்: எதைப் பார்த்து வரைந்தாய், எத்தனை நாள் ஆயிற்று, எது வரவில்லை? அந்தப் பதிலையே எழுதச் சொல்லுங்கள். ‘என் அப்பா தோல் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அவர் வீசிய கையுறைகளை ஓராண்டாகச் சேர்த்தேன். ஒவ்வொன்றும் அவருடைய விரல் வளைவிலேயே விறைத்துப் போயிருந்தது. அதை மாற்றாமல் அப்படியே வார்த்திருக்கிறேன்.’ இவ்வளவு போதும். எண்பது சொல்லைத் தாண்டிய குறிப்பை நின்றுகொண்டு யாரும் படிப்பதில்லை.

விலை போடுவதா என்பதைக் கல்லூரியிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். போடுவதானால் ஒரே மாணவரின் ஒரே ஊடகத்தில் ஒரே அளவுள்ள படங்களுக்கு ஒரே விலை வையுங்கள். ‘இது எனக்கு ரொம்பப் பிடிக்கும்’ என்பதற்காக ஒன்றை மட்டும் மூன்று மடங்கு ஏற்றாதீர்கள். விற்கப் பிரியமில்லாத படத்தில் ‘விற்பனைக்கு அன்று’ என்று எழுதிவிடுங்கள்.

திறப்பு நாளும் பிறகும்

சொற்பொழிவுகளைத் தாழ்வாரத்தில் வையுங்கள். அரங்குக்குள் மேடையும் நாற்காலியும் போட்டால் ஒரு சுவரே மறைந்துவிடும்; பொன்னாடை போர்த்தும் நெருக்கடியில் யாராவது ஒரு சிற்பத்தின் மேல் சாய்வார்கள். சிற்பங்களின் பீடத்துக்குள் மணல் மூட்டை ஒன்றை வைத்து எடை ஏற்றியிருந்தால் பயமில்லை.

மாணவர்கள் முறை வைத்துத் தத்தம் படைப்புகளின் அருகில் நிற்க வேண்டும். ஆனால் வருபவர் கேட்கும் முன் விளக்கத் தொடங்கக் கூடாது. ‘இது என்னப்பா?’ என்று ஒருவர் கேட்டால், ‘உங்களுக்கு என்னவாகத் தெரிகிறது, ஐயா?’ என்று திருப்பிக் கேட்டு அவர் சொல்வதைக் கேளுங்கள். கிராமத்திலிருந்து வரும் தாய்மார்கள் சிலர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார்கள். வேண்டாம் என்று தடுத்து அவர்களைக் கூச்சப்பட வைக்காமல், வாசலில் ஒரு பாயை விரித்து, தரையில் ஆணியோ கண்ணாடித் துணுக்கோ கிடக்காமல் இரண்டு முறை பெருக்கி வைத்துவிடுங்கள்.

கழற்றுவதற்கு முன், ஒவ்வொரு சுவரையும் கூட்டம் இல்லாத நேரத்தில் நேர்முகமாகப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேற்படிப்பு நேர்காணலுக்குப் போகும் மாணவருக்கு அந்தப் படம் தேவைப்படும். பிறகு, படைப்புகளை வாங்கும்போது எழுதிய பதிவேட்டை மேசையில் விரித்து வைத்து, ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டு வாங்கிச் செல்லச் செய்யுங்கள். பிளக்குகளைப் பிடுங்கிய துளைகளில் சுவர்ப்பட்டி பூசி, காய்ந்தபின் உப்புத்தாள் தேய்த்து, அதே நிற டிஸ்டெம்பரை ஒரு கை அடித்துவிட்டு, சாவியை அலுவலகத்தில் ஒப்படையுங்கள். அடுத்த ஆண்டு மீண்டும் அதே அரங்கைக் கேட்டுப் போக வேண்டியிருக்கிறது.